அது தல இல்ல மனே, வயிறு!

முதலில் தலையைத் தொட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்! சாய்ந்தமருதுக் கடற்கரையில், மீன் வெட்டும் பலகை மேல் ஒரு பேய்க்கணவாய் கிடக்கிறது. கரைவலையின் மடியில் நெத்தலியோடும் கீரியோடும் சேர்ந்து வந்தது. எட்டுக் கைகளும் பலகையில் பரந்து கிடக்க, அதற்கு மேலே உருண்டு திரண்ட ஒரு மொட்டை மண்டை. கீழே இரண்டு கண்கள். கண்ணுக்குப் பக்கத்தில், எதையோ ஊதப் போவதுபோல் குவிந்த ஒரு சின்ன வாய். வாப்பாவோடு மீன் வாங்க வந்து நின்ற ஒரு சிறுவன், கேட்பதற்கு முன்பே அந்த மண்டையில் விரலை வைத்து, “இந்தா தல!” என்றான்.

மீன் வெட்டும் காக்கா கத்தியை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அது தல இல்ல மனே, வயிறு!”

“அப்ப இந்த வாய்?”

“அது வாயுமில்ல. பொறு, காட்டுறன்.”

காட்டினார்! உருண்டையின் விளிம்பில் இரண்டு விரலை நுழைத்தார். உள்ளே இருந்த தசைக்கட்டைக் கத்தி நுனியால் அறுத்தார். பிறகு ஒரே புரட்டு. உள்பக்கம் முழுவதும் வெளியே வந்துவிட்டது. மூளை இருக்கும் என்று நாங்கள் நினைத்த இடத்தில் இரைப்பை, பழுப்பு நிறத்தில் பெரிய செரிமானச் சுரப்பி, அதோடு ஒட்டியபடி பளபளக்கும் மைப்பை, இரண்டு பக்கமும் இறகு இறகாக இரண்டு செவுள்கள், சிறுநீரகம், கருவகம். ஒரு பிராணியின் வயிற்றுக்குள் இருக்க வேண்டிய அத்தனையும் அந்த ‘மண்டை’க்குள்!

இந்தக் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு உற்சாகம் அடங்குவதில்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எங்கள் கரையில் கணவாய் சமைக்காத வீடு அரிது. ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றும் ஊர்கள். கடலில் வாழ்கிற கணவாயைத் தின்னலாமா என்ற தயக்கம் அடுப்படியில் கிடையாது. அப்படியிருந்தும், கறிச்சட்டிக்குப் போகும் முன் அந்த உடல் எவ்வளவு விசித்திரமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. வாருங்கள், அந்தப் பொய் முகத்தின் பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டு வரலாம்.

உண்மையான தலை எங்கே? வயிற்று உருண்டைக்கும் கைகளுக்கும் இடையில், கண்கள் இருக்கும் அந்தக் குறுகிய பகுதி மட்டும்தான் தலை. கைகள் நேரே தலையிலிருந்து கிளம்புகின்றன. அதனால்தான் பாடப்புத்தகத்தில் கணவாய்க் குடும்பம் முழுவதையும் தலைக்காலிகள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். நமக்குத் தலை, வயிறு, கால் என்று மேலிருந்து கீழ் வரும் ஒழுங்கு. இதற்கோ வயிறு, தலை, கை! வாய் இருப்பதோ நாம் பார்க்கவே முடியாத இடத்தில். காக்கா அதைத் தூக்கிக் கவிழ்த்தார். எட்டுக் கைகளும் சந்திக்கும் நடுமையத்தில் ஒரு சின்ன வட்டம். அதை அமுக்கியதும் மேலும் கீழுமாக இரண்டு கறுத்த சொண்டுத் துண்டுகள் பிதுங்கி வந்தன. நண்டின் ஓட்டை உடைப்பது அந்தச் சொண்டு. நண்டைச் செயலிழக்க வைப்பது வாய்க்குப் பின்னால் உள்ள சுரப்பிகளின் நச்சு உமிழ்நீர். முழு உடலிலும் உருப்படியாகக் கடினமான பகுதி அந்தச் சொண்டு ஒன்றுதான். வீட்டில் கழுவும்போது சாதாரணக் கணவாயிலிருந்து உருவி எடுக்கிறோமே, அந்த ஓடு இதற்குக் கிடையாது. ஆகவே சொண்டு நுழைகிற ஓட்டையில் முழுப் பேய்க்கணவாயும் நுழைந்துவிடும்!

அப்படியென்றால் ஊதப் போவதுபோல் குவிந்திருந்த அந்த ‘வாய்’? அது ஒரு தசைக்குழல். வயிற்று உறைக்குள் இழுத்த நீர் செவுள்களைக் கழுவிவிட்டு அதன் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆக அது சுவாசத்தின் வெளிவாசல். அவசரமாகத் தப்ப வேண்டுமென்றால் அதே குழலால் நீரைப் பீச்சி எதிர்த்திசையில் பாய்கிறது. ஆக அது எஞ்சினும்கூட. மை அதன் வழியாகத்தான். கழிவும் அதன் வழியாகத்தான்! பிள்ளைகளின் சித்திரப் புத்தகங்களில் பேய்க்கணவாய்க்குக் கண்ணுக்குக் கீழே அழகான ஒரு சிரித்த வாயை வரைகிறார்களே, அந்தச் சிரிப்புக்கு உடலில் இடமே இல்லை. வரைகிறவர்கள் ஒரு தடவை இந்தப் பலகைக்கு வந்துபோனால் எவ்வளவு நன்றாக இருக்கும்! உள்ளது உள்ளபடி வரைந்தாலே பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

இனி மூளை. கண்களுக்கு நடுவே காக்கா மெதுவாகக் கீறிக் காட்டிய இடத்தில் வெளிறிய ஒரு சின்னத் திரட்சி இருந்தது. அதன் நடுவால் உணவுக்குழாய் போகிறது! உளுந்து வடையின் ஓட்டைக்குள் ஒரு நூலைக் கோத்தால் எப்படியோ, அப்படி மூளைக்குள்ளால் சாப்பாடு போகிறது. பெரிய துண்டாக விழுங்கினால் மூளை நெரிபடும். அதனால்தான் சொண்டால் நறுக்கி, நாக்கிலுள்ள பல்வரிசையால் அராவி, பொடிப்பொடியாகத்தான் உள்ளே அனுப்புகிறது.

பலகையில் சிவப்பே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பக்கத்துப் பலகையில் பாரை வெட்டிய இடம் செக்கச் செவேல் என்று கிடக்கிறது. இங்கே வெறும் வழுவழுப்பு மட்டும். நம் குருதியில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு. இதன் குருதியில் செம்பு. ஒட்சிசன் ஏறியதும் அது நீலம், இறங்கியதும் கிட்டத்தட்ட நிறமற்றது. அந்த நீலக் குருதியைத் தள்ள மூன்று இதயங்கள்! செவுளுக்கு ஒன்றாக இரண்டு, உடம்பு முழுவதற்கும் ஒன்று. நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் நின்றுவிடுகிறது. முடிந்த மட்டும் தரையில் தவழ்ந்தே போவதை அது விரும்புவதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

கைகளிடம் வருவோம். இங்கேதான் காக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, வெட்டி வைத்த ஒரு கையின் நுனியை என் விரலில் வைத்தார். ஒட்டிக்கொண்டது! உடலிலிருந்து பிரிந்த கை, உறிஞ்சிகளை ஒவ்வொன்றாக அழுத்தி, என் விரலைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பேய்க்கணவாயின் நரம்புக் கலங்கள் சுமார் 500 மில்லியன். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் கைகளில்தான் இருக்கின்றன. பெரிய இனங்களில் ஒரு கைக்கு 200க்கு மேல் உறிஞ்சிகள். அவை பிடிப்பதோடு நிற்பதில்லை, சுவையும் பார்க்கின்றன. தொட்டே சுவை அறியும் அந்த உணர்விகளை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நிக்கலஸ் பெலோனோவின் குழு 2020இல் விளக்கியது. 2014இல் வெளியான இன்னோர் ஆய்வு இதைவிடச் சுவையானது. வெட்டப்பட்ட கை எதையும் பற்றும், ஆனால் பேய்க்கணவாயின் தோலைப் பற்றாது! தோலில் உள்ள ஏதோ ஒன்று உறிஞ்சிக்கு ‘இது நம்மாள்’ என்று சொல்லிவிடுகிறது. நான் அங்கேயே சோதித்தேன். என் விரலில் ஒட்டியது, பலகையில் ஒட்டியது. பக்கத்திலேயே கிடந்த தன் தோலில் வைத்தபோது வழுக்கிக்கொண்டே போனது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது!

பெரும்பாலான இனங்களில் ஆணின் வலது பக்க மூன்றாம் கை வேறு வேலைக்கானது. விந்துப் பொதியைப் பெண்ணிடம் சேர்ப்பது அதுதான். சில இனங்களில் அந்தக் கை கழன்று பெண்ணின் உடலுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படித் தங்கியதைக் கண்ட பிரெஞ்சு உயிரியலாளர் குவியே, 1829இல் அது ஒரு புதிய ஒட்டுண்ணிப் புழு என்று பெயரே சூட்டிவிட்டார். பெயர் இன்றும் அந்தக் கைக்கு நிலைத்திருக்கிறது.

சரி, முகத்துக்கே திரும்புவோம். வாய் இல்லை, நெற்றி இல்லை, மண்டை இல்லை என்று தெரிந்த பிறகும் அந்தச் சிறுவன் விடவில்லை. “இது கோவமாப் பாக்குது” என்றான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது! அந்தப் பார்வை எங்கிருந்து வருகிறது?

கண்மணி கிடையாகக் கிடக்கும் ஒரு கோடு. உடலைச் சரித்தாலும் கவிழ்த்தாலும் உயிரோடுள்ள பேய்க்கணவாயின் கண்மணி கிடையாகவே நிற்கும். உள்ளே உள்ள சமநிலை உறுப்பு கண்ணை அதற்கேற்பத் திருப்பிக்கொண்டிருக்கிறது. பாதி மூடிய கண்ணால் நம்மை அளந்து பார்ப்பதுபோல் தோன்றுவது அந்தக் கோட்டால்தான். கண்ணுக்கு மேலே புருவம் நெரித்ததுபோல் எழுந்து நிற்பவை தோலின் புடைப்புகள். பாசியும் முருங்கைக்கல்லும் உள்ள இடத்தில் தன் உருவத்தைக் கலைத்துக்கொள்வதற்காகத் தசையால் எழுப்பி இறக்கும் கூர்கள் அவை. கோபத்துக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. கண்ணின் உள்ளமைப்போ நம்முடையதைவிட நேர்த்தியானது. நம் கண்ணில் நரம்பிழைகள் ஒளி உணரும் படலத்துக்கு முன்னால் ஓடி, ஓரிடத்தில் துளைத்துக்கொண்டு பின்னால் போகின்றன. அந்த இடம் குருடு. பேய்க்கணவாயின் கண்ணில் நரம்புகள் பின்னாலேயே கிளம்புகின்றன. குருட்டுப் புள்ளியே கிடையாது!

மிச்சத்தைச் செய்தது எங்கள் மூளை. இரண்டு புள்ளி மேலே, ஒன்று கீழே. அதற்கு அது போதும். தேங்காயின் மூன்று கண்ணில் முகம் தெரிவதும் லொறியின் முன்பக்கம் முறைப்பதும் அதனால்தான். பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகள்கூட முகம் போன்ற வடிவத்தின் பக்கம் தலையைத் திருப்பித் தொடர்கின்றன என்று 1975இலேயே ஓர் ஆய்வு காட்டியது. முகத்தைக் கண்டால் மட்டும் கூடுதலாகக் கிளர்ந்தெழும் ஒரு பகுதி மூளையின் அடிப்புறத்தில் இருப்பதை 1997இல் நான்சி கன்விஷரும் சக ஆய்வாளர்களும் விளக்கினார்கள். உம்மாவின் முகத்தைத் தேடிப் பிடிப்பதற்காக வாய்த்த அந்த ஆற்றல், மீன் பலகைக்கு வந்தாலும் ஓய்வதில்லை.

அந்தக் கண்ணோடு கடற்கரையைச் சுற்றிப் பாருங்கள், எங்கே திரும்பினாலும் முகம்!

ஒரு திருக்கையைக் கவிழ்த்துப் போடுங்கள். வெள்ளை வயிற்றில் இரண்டு சின்னக் கண், கீழே மலர்ந்த ஒரு புன்னகை. ஒரு குழந்தை எட்டிப் பார்ப்பதுபோலவே இருக்கும். அந்தக் ‘கண்கள்’ மூக்குத் துளைகள். அசல் கண்கள் மறுபக்கம், முதுகில். வாய் மட்டும் வாய்தான். ஆனால் அந்த வளைவு மணலில் புதைந்த சிப்பியையும் நண்டையும் அமுக்கிப் பிடிப்பதற்காக அமைந்தது. நண்டுக் கூடையில் முதுகில் மூன்று கண் போட்ட நண்டுகள் இருக்கும். அந்தக் கண்கள் வெறும் நிறப்புள்ளிகள்; பார்க்கும் கண்கள் முன்னால் காம்பின் மேல் ஆடிக்கொண்டிருக்கின்றன.

நண்டு என்றதும் ஜப்பானின் உள்நாட்டுக் கடலில் உள்ள ஒரு சின்ன நண்டைச் சொல்லாமல் போக முடியாது. அதன் முதுகோட்டில் கடுங்கோபத்தோடு முறைக்கும் ஒரு போர்வீரன் முகம் அச்சாக இருக்கும்! 1185இல் அங்கே நடந்த கடற்போரில் மாண்டவர்களின் ஆவி என்று கதை. முகமுள்ள நண்டுகளை மீனவர்கள் பயபக்தியோடு கடலில் திருப்பி விட்டதால்தான் தலைமுறை தலைமுறையாக முகம் தெளிவாகிவிட்டது என்று ஜூலியன் ஹக்ஸ்லி 1952இல் எழுதினார். 1980இல் கார்ல் சேகன் தன் ‘கொஸ்மொஸ்’ தொடரில் அதை உலகுக்கே சொன்னார். ஆசையான கதைதான். ஆனால் அந்த நண்டு சாப்பிட முடியாத அளவு சிறியது. முகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலைக்காரர் அதை எறிந்துவிடுவார். ஓட்டின் மேடு பள்ளங்கள் உள்ளே தசைகள் பற்றிக்கொள்ளும் இடங்கள். எனக்கு ஆவிக் கதையைவிட இந்தத் தசைக் கதை பிடித்திருக்கிறது. ஒரு முறைப்பின் பின்னால் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு தசை வேலை செய்துகொண்டிருக்கிறது!

பேத்தை மீனைப் பாருங்கள். உருண்டைக் கண், முன்னால் துருத்திய பல், ஆச்சரியத்தில் உப்பிய கன்னம். உப்புவது பயத்தில், நீரை இரைப்பைக்குள் விழுங்கி. பல்லாகத் தெரிவது நான்கு தகடுகள் சேர்ந்த நொறுக்குக் கருவி. உள்ளே இருக்கும் நஞ்சு ஆளைக் கொல்லும். அதே நஞ்சு நம் இந்து சமுத்திரத்திலும் வாழும் நீலவளையப் பேய்க்கணவாயிடமும் உண்டு. விரல் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு சின்ன உருவத்தில் ஒளிரும் நீல வளையங்களைக் கண்டால் தொடவே வேண்டாம். அதன் எச்சரிக்கை அந்த வளையங்கள்தான்.

ஓங்கிலின் சிரிப்பை நினைத்தால் மட்டும் எனக்கு நெஞ்சு கனக்கும். அது தாடையெலும்பின் வளைவு. முகத்தசையால் அசைக்க முடியாதது. வலையில் சிக்கி மூச்சடைத்துச் செத்து ஒதுங்கிய ஓங்கிலின் வாயிலும் அதே சிரிப்பு அப்படியே இருக்கும். சிரிக்கிறது, சந்தோசமாக இருக்கிறது என்று தொட்டிக்குள் அடைத்து வேடிக்கை காட்டியதற்கு அந்த எலும்பு வளைவுதான் பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். இதற்கு நேர்மாறு, உலகத்தின் மிக அவலட்சணமான பிராணி என்று 2013இல் வாக்களித்துத் தெரிவு செய்யப்பட்ட புளொப் மீன். அதைப் பிரபலமாக்கிய படம் 2003இல் நியூசிலாந்துக்கு வடமேற்கே ஆழ்கடல் ஆய்வில் பிடிபட்டதன் படம். தொங்கும் மூக்கு, சோகம் வழியும் உதடு! பல நூறு மீற்றர் ஆழத்தின் அழுத்தத்தில் அது சாதாரண மீன் வடிவத்தில்தான் இருக்கிறது. மேலே இழுத்ததில் உடல் குலைந்துபோன உருவத்தை அதன் சோகம் என்று நாம் படித்துவிட்டோம்.

கடலை விட்டுக் கொஞ்சம் காட்டுப் பக்கம் திரும்புகிறேன், ஏனென்றால் இந்த விசயத்தில் எங்கள் நாட்டுக்கு ஒரு பெரிய புத்தகத்திலேயே இடம் உண்டு! சார்ள்ஸ் டார்வின் 1872இல் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை முகத்திலும் உடலிலும் எப்படிக் காட்டுகின்றன என்று ஒரு முழு நூல் எழுதினார். அதற்காக 1867இல் கேள்விகளை அச்சிட்டு உலகெங்கும் அனுப்பினார். விலங்கு அழுமா என்று தேடியபோது அவர் கையில் எடுத்த சாட்சி இலங்கை யானை! 1845 முதல் 1850 வரை இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனென்ட், பிடித்துக் கட்டிய யானைகள் கண்ணீர் வழியக் கிடந்ததைப் பார்த்து 1859இல் வெளியான தன் நூலில் எழுதியிருந்தார். அதே டெனென்ட்தான் 1848இல் மட்டக்களப்பு வாவியில் இரவில் தோணியேறிப் போய்ப் பாடும் மீன்களின் ஓசைக்குக் காது கொடுத்தவர். கல்முனையிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால் அந்த வாவிக்கரை.

யானையின் கண்ணுக்குப் பின்னால் போனால் என்ன இருக்கிறது? நமக்குக் கண்ணில் சுரக்கும் நீரை மூக்குக்குள் வடிக்க ஒரு சின்னக் கால்வாய் உண்டு. யானைக்கு அது இல்லை. ஆகவே தூசு பட்டாலும் வெயில் சுட்டாலும் கண்ணீர் கன்னத்தில்தான் வழியும். அம்பாறையில் யானையோடு வாழ்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரலாம். யானைக்குத் துக்கம் இல்லை என்று நான் சொல்லவேயில்லை! செத்த யானையின் உடலை மற்ற யானைகள் துதிக்கையால் தடவித் தடவி நிற்பதைப் பலர் பதிவு செய்திருக்கிறார்கள். துக்கம் துதிக்கையில் இருக்கும்போது நாம் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

குரங்கு பல்லைக் காட்டுவதும் அப்படி. சிரிக்கிறது என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள்; குரங்குக் கூட்டத்தில் பெரும்பாலும் அதற்குப் பயம், பணிவு என்று பொருள். ஆனாலும் முகம் எப்போதும் பொய்தான் என்று சொல்லிவிட முடியாது. கண்ணை இடுக்கி, கன்னம் உப்பி, காதைப் பின்னால் தள்ளுவதைக் கொண்டு சுண்டெலியின் வலியை அளக்கலாம் என்று 2010இல் கனடாவில் ஒரு குழு நிறுவியது; அந்த அளவுகோல் இன்று ஆய்வுகூடங்களில் பயன்படுகிறது. உள்ளே தசை எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் வெளியே உள்ளது விளங்கும்.

அப்படியானால் பேய்க்கணவாயின் தசை எங்கே ஓடுகிறது? தோலில்! ஒவ்வொரு நிறப்பையையும் சுற்றி நுண்ணிய தசைகள். ஒவ்வொரு தசைக்கும் மூளையிலிருந்து நேரடி நரம்புத் தொடர்பு. தசை இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும்; விட்டால் சுருங்கிப் புள்ளியாகும். அதற்கடியில் ஒளியைத் தெறிக்கச் செய்யும் கலங்களும் வெள்ளைக் கலங்களும் வேறு. பலகையில் கிடந்ததன் தோலைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உயிர் போன பிறகும் செம்பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, விரலால் தட்டிய இடத்திலிருந்து நிறம் ஓடிப் பரவியது. சிறுவன் தட்டிக்கொண்டேயிருந்தான், மீன் வாங்கும் எண்ணமே அவனுக்கு மறந்துவிட்டது.

இதைப் பார்த்துத்தான் இளம் டார்வினும் மயங்கிப்போனார். 1832 சனவரியில், பீகிள் கப்பல் ஆபிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வேர்ட் தீவுகளில் நின்றபோது, கற்குழியில் இருந்த ஒரு பேய்க்கணவாய் நிறம் மாறி மாறி ஒளிந்து, அவரை நோக்கி நீரைப் பீச்சியும் அடித்தது. இந்து, பசிபிக் சமுத்திரங்களின் முருங்கைக்கற்களில் வாழும் பகல் பேய்க்கணவாய் ஒன்று ஏழு மணி நேரத்தில் ஆயிரம் தடவை அளவில் தோற்றம் மாற்றியதை ரொஜர் ஹான்லனின் குழு பதிவு செய்திருக்கிறது. இதில் தலை சுற்றவைக்கும் செய்தி என்னவென்றால், பெரும்பாலான பேய்க்கணவாய்களின் கண்ணில் ஒரே ஒரு ஒளியுணர் நிறமிதான் உண்டு. நாம் அறிந்த வகையில் அவை நிறக்குருடு!

இந்த நிறங்கள் ஒளிவதற்கு மட்டுமா? அவுஸ்திரேலியாவின் ஜேர்விஸ் குடாவில் ஒரே இடத்தில் பல பேய்க்கணவாய்கள் கூடி வாழ்கின்றன. டேவிட் ஷீல், பீட்டர் கொட்ப்ரி ஸ்மித், மத்தியூ லோரன்ஸ் ஆகியோர் நீருக்கடியில் கமராக்களை வைத்து 2016இல் சொன்னது இது: சண்டைக்குத் தயாரானது உடலைக் கறுக்கச் செய்து, வயிற்று உறையை உயர்த்தி, நிமிர்ந்து நிற்கிறது. ஒதுங்கிப் போக நினைப்பது வெளிறிவிடுகிறது. இரண்டும் கறுத்தால் மோதல்தான்! அதே குடாவில் அவை ஒன்றின்மீது ஒன்று சேற்றையும் சிப்பியையும் வீசுவதையும் 2022இல் பதிவு செய்தார்கள். வீசுவதற்குப் பயன்படுத்துவது எதை? நாம் வாய் என்று நினைத்த அந்தக் குழலை! தூங்கும்போதுகூட இந்தத் தோல் அடங்குவதில்லை. ஏறத்தாழ மணிக்கு ஒரு தடவை, ஒரு நிமிடம் அளவில், விழித்திருக்கும்போது காட்டும் கோலங்களை எல்லாம் ஓடவிடுகிறது என்று ஒக்கினாவா ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள்.

வலியும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ரொபின் குரூக் 2021இல் வெளியிட்ட ஆய்வில், எரிச்சல் தரும் ஊசி போட்ட பேய்க்கணவாய்கள் அந்த இடத்தைச் சொண்டால் நோண்டின. ஊசி போட்ட அறையைத் தவிர்த்தன. வலி மரக்கும் மருந்து கிடைத்த அறையை விரும்பின. பிரித்தானியா 2022இல் விலங்குணர்வுச் சட்டத்தில் தலைக்காலிகளையும் சேர்த்துக்கொண்டது. எங்கள் பக்கம் அறுக்கும் பிராணிக்கு வேதனை குறைய வேண்டும், கத்தி கூராக இருக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கிற ஊர்கள். கடல் பிராணிக்கு அறுப்பு முறை இல்லை. அதற்காக உயிரோடு ரெஜிபோம் பெட்டியில் ஐஸுக்குள் நெளியவிட வேண்டியதுமில்லை. காக்கா செய்வதைப் பார்த்தேன். உயிரோடு வந்தால் கண்களுக்கு நடுவில், அந்த அசல் தலையில், கூரான ஒரே குத்து. அவ்வளவு நேரமும் கறுத்தும் சிவந்தும் கொந்தளித்த தோல் அடுத்த கணமே வெளுத்துவிடுகிறது. “சும்மா கெடந்து துடிக்க விடப்படாது தம்பி” என்றார். தலை எது, வயிறு எது என்று தெரிந்த கைக்குத்தான் அது முடியும். பெட்டியில் ஏற்றுகிற ஒவ்வொருவருக்கும் அந்த இடத்தைக் காட்டிக் கொடுத்தால் போதும், செலவில்லாத வேலை.

இவ்வளவும் செத்த ஒன்றிடம் பார்த்தது. உயிரோடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள், வாடை ஓய்ந்து கடல் தெளிந்த மாதங்களில் பொத்துவில், அறுகம்குடாப் பக்கம் நீர்க்கண்ணாடி போட்டுக் கற்பாறைகளைச் சுற்றித் தேடலாம். கல்முனைக் கரை மணற்கரை; கல்லும் இடுக்கும் உள்ள இடம்தான் அதற்குப் பிடிக்கும். பகல் பேய்க்கணவாய் பகலிலேயே வேட்டைக்குக் கிளம்புவதால் வாய்ப்பு உண்டு. ஒரு கலவாய் மீன் எதையோ விடாமல் பின்தொடர்ந்து போனால் அங்கே கண்ணை ஊன்றுங்கள். செங்கடலில் எடுத்த படங்களை வைத்து எடுவார்டோ சம்பையோவின் குழு 2020இலும் 2024இலும் எழுதியது இதே இனத்தைப் பற்றித்தான். மீன்கள் இரை இருக்கும் இடத்தைத் தேடுகின்றன, பேய்க்கணவாய் இடுக்குக்குள் கையை விட்டு அதைக் கிளப்புகிறது. எப்போது கிளம்புவது, எப்போது நிற்பது என்பதில் அதன் சொல்லே கடைசிச் சொல். வேலை செய்யாமல் பங்குக்கு வந்து நிற்கும் மீனுக்கு ஒரு கையைச் சுழற்றி நேரே ஒரு குத்து விடுகிறது! மெய்யாகவே குத்துகிறது, படம் இருக்கிறது. குத்துவதற்குச் சற்று முன் அதன் தோல் என்ன நிறத்துக்குப் போகிறது என்பதைத்தான் எனக்கு நேரில் பார்க்க ஆசை. எனக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட்டால் தயவுசெய்து வந்து சொல்லுங்கள், ஒன்றையும் விடாமல்!